இலண்டனில் ஒரு சித்திரை முதல் நாள்

(வெள்ளி விழாவின் காலை அமர்வில், சங்கத்தின் இரவுப் பள்ளியில் பயின்ற முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

    

‘அயல்நாட்டு வாழ்க்கை’ என்னும் தலைப்பில் அரைமணி நேரம் பேசவேண்டும் என்று செயலாளர் ஐயா அவர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். தலைப்பு பெரியது, என் அனுபவமோ சிறியது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தவள் அல்லள் நான். இலண்டன் மாநகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். அந்த மருத்துவமனைக்கும் என் அறைக்கும் இடைப்பட்ட தெருக்களையே நன்கு அறிவேன். ஆகவே ஒரேயொரு நாளைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறேன். அது 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, திங்கட்கிழமை. நமக்குச் சித்திரை முதல் நாள். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். அங்கே அது பெயரில்லாத ஒரு வேலை நாள்.

என்னை அறியாத இளையோருக்காகச் சில சொற்கள். காச்சிராயபாளையத்திற்கு அருகில் ஒரு காலனியில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை சுவர்போல் எழுந்து நிற்கும். என் தாயார் கரும்பு வெட்டும் காலத்தில் சோகை உரிக்கப் போவார். மற்ற நாட்களில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போவார். 2001-ஆம் ஆண்டில் இச்சங்கம் எங்கள் காலனியில் இரவுப் பள்ளி தொடங்கியபோது, திண்ணையில் முதல் வரிசையில் உட்கார்ந்த பதினொரு பேரில் நானும் ஒருத்தி. முதல் வரிசையில் உட்கார்ந்ததற்குக் காரணம் அறிவார்வம் அன்று. விளக்கு அங்கேதான் இருந்தது.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று அழைத்தனர். பெயர் இனிமையானது. ஆனால் நம் பக்கத்துச் சித்திரை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். கோமுகி ஆற்று மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. கிணற்றில் வாளி தரையைத் தட்டும். இளவேனில் என்னும் சொல்லின் பொருளை நான் உண்மையில் உணர்ந்தது இலண்டனில்தான். ஐந்து மாதம் மொட்டையாக நின்ற மரத்தில், இலை வருவதற்கு முன்பே பூ வருகிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒருமணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். ஏப்ரல் நடுவில் காலை ஆறேகாலுக்குள் கதிரவன் எழுந்து, மாலை எட்டுமணி வரை ஒளி நிற்கிறது. அலுவலகத்தார் நண்பகலில் புல்தரையில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு படுத்திருப்பர். வெயிலுக்கு முகம் மறைத்தே வளர்ந்த எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். மரங்களின் பூந்தூள் காற்றில் பறந்து கண்ணும் மூக்கும் எரிய வைக்கும். நகரில் பாதிப்பேர் தும்மிக்கொண்டே இளவேனிலைக் கொண்டாடுவர்.

நான் அங்கே கண்ட முதல் இளவேனில் 2020-ஆம் ஆண்டினது. மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவித்தார்கள். பூத்துக் குலுங்கிய தெருக்களில் மனிதர் எவரும் இல்லை. வியாழக்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினர். அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே நான் பணிக்குச் சென்றிருக்கிறேன். அந்த மாதங்களில் நோயால் மாண்ட மருத்துவப் பணியாளருள் ஆசிய, ஆப்பிரிக்க வழியினரின் பங்கு மிகுதி. அதைப் பற்றி இன்று விரித்துப் பேசப் போவதில்லை.

ஏப்ரல் 14-க்கு வருகிறேன்.

முந்திய இரவு ஏழரை மணிக்குத் தொடங்கிய என் பணி காலை எட்டு மணிக்கு முடிவதாக இருந்தது. முதியோர் பிரிவில் வேலை. முழங்கைக்குக் கீழே வளையலோ கைக்கடிகாரமோ அணியலாகாது என்பது விதி. கை வெறுமையாக இருக்கவேண்டும். அந்த வெறுங்கையால்தான் முழு வேலையும். திரும்பிப் படுக்க இயலாதவரைத் திருப்புவது, உடல் துடைப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, சோறூட்டுவது. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் அன்று விடியற்காலை நான்கு மணி முதல் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். மற்றப் படுக்கைகளுக்குப் போகவேண்டும் என்று சொன்னால் விடுவார். திரும்பி வந்தால் மீண்டும் பிடித்துக்கொள்வார். பெயர் கேட்டார், சொன்னேன். இருமுறை தவறாகச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பெரியோர்களே! இதைக் கேட்கும் எந்நாட்டுச் செவிலிக்கும் இது ஒரு செய்தியே அன்று. ஆனால் இந்தக் கை எந்தக் கை? ஒன்பது வயதில், ஊர்த்தெரு மளிகைக் கடையில் சில்லறையை நீட்டியபோது, ‘கீழே வை’ என்று சொல்லப்பட்ட கை. நான் காசைத் தரையில் வைப்பேன். அவர் பொட்டலத்தைப் பலகை விளிம்பில் வைப்பார். கடைக்காரர் கெட்டவர் என்று நான் நினைத்ததில்லை. கடை என்றாலே அப்படித்தான் என்று நினைத்தேன்.

நம் இரட்டைமலை சீனிவாசனார் வட்டமேசை மாநாட்டிற்காக 1930-இல் இலண்டன் சென்றபோது, மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரிடம் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டதாகவும், விளக்கத்தைக் கேட்டபின் அவர் கையைப் பற்றிக் குலுக்கியதாகவும் படித்திருக்கிறோம். படித்த காலத்தில் அதனை ஓர் அரண்மனைக் கதையாகவே எண்ணினேன். இரவுப் பணியில் சில நேரம் அக்காட்சி நினைவுக்கு வரும். ஒரு கை இன்னொரு கையைத் தொட்டதைச் சரித்திரமாக எழுதவேண்டிய நிலையில் ஒரு மக்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால், இரவு மூன்று மணித் தூக்கமும் கலைந்துவிடும்.

இதனால் அந்நாடு சொர்க்கம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அங்கே நிறம் உண்டு. பழுப்புக் கை தன்மேல் படவேண்டா என்று சொன்ன நோயாளியையும் கண்டிருக்கிறேன். தலைமைச் செவிலி வந்து, இங்கே மருத்துவம் செய்வோர் இவர்கள்தாம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, நடந்ததை ஒரு படிவத்தில் எழுதி என்னிடம் கையொப்பம் வாங்கினார். அப்படிவத்தால் அந்த மனிதர் மாறினாரா என்றால் இல்லை. எழுதி வைக்க ஒரு படிவம் இருந்தது.

எட்டு மணிக்கு வெளியே வந்தேன். குளிர் இருந்தது, வெயிலும் இருந்தது. வழக்கமாகப் பேருந்தில் ஏறி அறைக்குச் சென்று திரையை இழுத்துவிட்டு உறங்கிவிடுவேன். அன்று நடந்தேன். எங்கள் மருத்துவமனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கிங் ஹென்றி சாலை என்றொரு தெரு உண்டு. அதன் 10-ஆம் எண் வீட்டில் 1921, 1922 ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கர் மாணவராகத் தங்கியிருந்தார். மகாராட்டிர அரசு 2015-இல் அவ்வீட்டை விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் இந்தியப் பிரதமர் திறந்து வைத்தார். குடியிருப்புத் தெருவில் நினைவகம் கூடாது என்று அண்டை வீட்டார் சிலர் எதிர்த்ததும், நகரமன்றம் இசைவு மறுத்ததும், 2020 மார்ச்சில் அமைச்சரே இசைவளித்ததும் பின்னைய கதை. செங்கல்லும் வெள்ளைச் சன்னலுமாக, வரிசையில் ஒன்றாக நிற்கும் சாதாரண வீடு. சுவரில் வட்டமான நீலப் பலகை. நான் உள்ளே செல்லவில்லை, முன்பே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். பள்ளிக்கு விடுமுறைக் காலம் ஆதலால் ஒரு சிறுவன் மிதிவண்டியில் தெருவை அளந்துகொண்டிருந்தான்.

அண்ணல் 1916-இல் முதன்முறையாக இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். தென்னார்க்காட்டினராகிய நாம் அந்த ஆண்டை வேறொரு காரணத்திற்காகவும் நினைக்கவேண்டும். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியதும் அதே 1916-இல்தான். பரோடா அரசின் உதவித்தொகை முடிந்ததால் அண்ணல் மறு ஆண்டே படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அவர் சேர்த்த நூல்களை ஏற்றி வந்த கப்பலை எதிரி நீர்மூழ்கி மூழ்கடித்தது. பரோடாவில் உயர் பதவியில் அமர்ந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். மும்பையில் ஆசிரியராகி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகராசரின் உதவியும் நண்பர் நவல் பாதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

அவருடைய அன்றாட நாள் எப்படி இருந்தது என்பதைத் தனஞ்சய் கீர் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு எழுவார். விடுதிக்காரப் பெண்மணி கண்டிப்பானவர். காலை உணவு ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பை போவ்ரில் என்னும் இறைச்சிச் சாறு. பிறகு பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்திற்குச் செல்வார். கிங் ஹென்றி சாலையிலிருந்து அது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். 1857-இல் கட்டப்பட்ட அந்த வட்டக் கூடத்தில்தான் கார்ல் மார்க்சும் படித்தார். அண்ணல் நண்பகல் உணவுக்கு எழுந்து செல்வதில்லை. கையில் காசும் இல்லை, நேரமும் இல்லை. மாலை மூடும் வரை குறிப்பெடுப்பார். பைகள் குறிப்புத் தாள்களால் உப்பியிருக்க, கண் குழிந்து, கடைசி ஆட்களில் ஒருவராக வெளியே வருவார். இரவு மீண்டும் போவ்ரிலும் பிஸ்கட்டும். பத்து மணிக்குப் பசி எடுக்கும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அப்பளத்தில் நான்கைத் தகரத்தட்டில் சுட்டு, ஒரு கோப்பைப் பாலுடன் உண்டு, விடியும்வரை படிப்பார். உடன் தங்கியிருந்தவர் நடுவே விழித்து, உறங்குமாறு சொல்வாராம்.

1921 ஏப்ரல் 14 ஒரு வியாழக்கிழமை. அன்று அண்ணலுக்கு முப்பது வயது நிறைந்தது. அந்த வாரத்தில் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர்கள் கதவடைப்புக்கு உள்ளாகியிருந்தனர். துணைநிற்பதாகச் சொன்ன தொடர்வண்டி, போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் மறுநாள் வெள்ளிக்கிழமை பின்வாங்கின. அந்நாளை அந்நாட்டுத் தொழிலாளர் இன்றும் கறுப்பு வெள்ளி என்றே அழைக்கின்றனர். பிறந்த நாளன்று அண்ணல் என்ன செய்தார் என்பதற்குச் சான்று காட்ட இயலாது. ஆனால் அந்த வசந்தத்தில் அவர் எழுதி முடிக்க வேண்டியிருந்தது எது என்பது தெரியும். இந்திய அரசின் நிதி எவ்வாறு மாகாணங்களுக்குப் பிரிக்கப்பட்டது என்னும் ஆய்வு அது. அதற்காக 1921 சூனில் முதுநிலை அறிவியல் பட்டம் பெற்றார். 1922-இல் பாரிஸ்டர், ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு 1923-இல் டாக்டர் பட்டம். சென்னை மாகாணத்து நிலவரியும் சாராய வரியும் எங்கே போயின என்று கணக்குப் பார்க்க, வரி கொடுத்தே தேய்ந்த மக்களிலிருந்து ஒருவர் அந்த வட்டக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். மும்பையில் பரேல் பகுதிச் சிற்றறையில் இரமாபாய் அம்மையார் பட்டினியோடு பிள்ளையைக் காத்துக் கிடந்தார். இதையும் சேர்த்துத்தான் அந்த நாளைக் கணக்கிட வேண்டும்.

அந்த நடைபாதையில் நின்றபோது என் மனத்தில் தோன்றியது மிகச் சிறிய எண்ணம். இந்த மனிதர் காலையில் இக்கதவைத் திறந்து வெளியே வந்து, நான்கு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். வழியில் ஒருவரும் ‘நீ யார்?’ என்று கேட்கவில்லை. பசி இருந்தது, குளிர் இருந்தது, கடன் இருந்தது. அந்தக் கேள்வி மட்டும் இல்லை. இந்தியாவில் மாளிகையில் பதவி கிடைத்தபோதும் அவருக்குக் கிடைக்காத ஒன்று, அரைவயிற்றோடு நடந்த அந்தத் தெருவில் கிடைத்திருக்கிறது.

அருகிலேயே பிரிம்ரோசுக் குன்று. ஏறினால் நகரம் முழுவதும் தெரியும். அவர்கள் அதைக் குன்று என்கிறார்கள். உயரம் ஏறத்தாழ 210 அடி. வெள்ளிமலை ஏறி இறங்கிய கால்களுக்கு அது வரப்பு. மேலே விசிப்பலகையில் அமர்ந்து, இரவு மிச்சமான ரொட்டியைத் தின்றேன். பிறகு பேருந்து, அறை, உறக்கம்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது அன்று. இதைச் சொல்வதா வேண்டாவா என்று விமானத்திலும் யோசித்தேன்.

நான்கு மணிக்கு எழுந்தேன். சித்திரை முதல் நாளுக்குப் பாயசமாவது வைக்கலாம் என்று, கிழக்கு இலண்டனில் நம்மவர் கடைகள் நிறைந்த கடைத்தெருவிற்குச் சென்றேன். முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, வேப்பம்பூ வரை அங்கே கிடைக்கும். நான் வழக்கமாக வாங்கும் கடையில் அன்று புதிதாக ஓர் அம்மையார் நின்றார். தமிழ்நாட்டவர், அன்பானவர். புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். எந்த ஊர் என்றார். கள்ளக்குறிச்சி என்றேன்.

இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு சொல். வெள்ளைக்காரர் எந்த ஊர் என்று கேட்டால் ஊரின் பெயரைக் கேட்டு மறந்துவிடுவர். எங்கள் பிரிவில் ஒரே ஒருமுறை மறக்காமல் கேட்டார்கள். 2024 சூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து நம் மக்கள் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, உலகச் செய்திகளில் கள்ளக்குறிச்சியின் பெயர் வந்தது. ‘உன் ஊர் அல்லவா?’ என்றனர். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குவதை எனக்கு விளக்கத் தெரியும். எந்தத் தெருவில் சாவு விழுந்தது, ஏன் அந்தத் தெருவில் விழுந்தது என்பதை விளக்க அன்று எனக்கு நா எழவில்லை.

நம்மவர் கேட்கும் ‘எந்த ஊர்’ அங்கே நிற்பதில்லை. அம்மையார் தொடர்ந்தார். கள்ளக்குறிச்சியில் எந்தப் பக்கம்? காச்சிராயபாளையம் பக்கம். அங்கே எங்களுக்கு உறவு உண்டே, எந்தத் தெரு? அப்பா என்ன செய்தார்? குலதெய்வம் எது?

நான் சொன்னேன்: ‘பெரிய தெருதாங்க. அப்பா வாத்தியார்.’

என் தந்தையார் செங்கல் சூளையில் வேலை செய்தவர். ஊர்ப் பெரிய தெருவில் அவர் செருப்பணிந்து நடந்ததில்லை. அன்று காலை பத்து மணிக்கு அந்த வீட்டின் எதிரே நின்றவள், மாலை ஐந்து மணிக்கு இதைச் சொன்னேன். யாரும் என்னை அச்சுறுத்தவில்லை. இரண்டு முருங்கைக்காய் கூடுதலாக வைத்து அவர் பையை என் கையில் கொடுத்தார். கைமேல் கை பட்டது.

ஏன் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சாக்காகக் கொள்ளவேண்டா. 2021-இல் நான் தமிழ்ப் பெண்கள் மூவருடன் ஒரு வீட்டைப் பகிர்ந்து குடியிருந்தேன். நால்வரும் செவிலியர், ஒரே சமையலறை. என் வீட்டு விவரம் தெரிந்த இரண்டாம் வாரம், என் குவளையும் தட்டும் மேல் தட்டில் தனியே ஏறியிருந்தன. எவரும் கடுமையாக ஒரு சொல் பேசவில்லை. ‘உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான்’ என்றார்கள். நம் ஊர்த் தேநீர்க் கடையில் தனிக்குவளை ஆணியில் தொங்கியதை எழுதிப் புகார் கொடுத்தவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். இலண்டனில், வெந்நீர்க் குழாயும் மின்னடுப்பும் உள்ள சமையலறையில், அதே குவளையைப் பார்த்து நான் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. பிறகு வேறு அறை பார்த்துச் சென்றேன். இப்போது சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது. தனியறையின் விலை அது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். பிரித்தானியப் பாராளுமன்றம் 2013-இல் ஒரு சட்டத் திருத்தத்தின் வழியே, சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்குமாறு அரசுக்குக் கட்டளையிட்டது. ஐந்தாண்டு இழுத்தடித்துவிட்டு 2018 சூலையில், தனியே சேர்க்கத் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு சொல்லிவிட்டது. அவர்கள் சுட்டிய தீர்ப்பு ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கில் வந்தது. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட அவர், நான்கரை ஆண்டுகள், வாரம் ஏழு நாளும், நாளொன்றுக்கு 18 மணி நேரம் உழைத்தார், தரையில் படுத்தார், கிடைத்த கூலி மணிக்கு 11 பென்சு. சாதிப் பாகுபாடும் இனப் பாகுபாட்டில் அடங்கலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014-இல் கூறியது. 2015-இல் அவருக்கு ஏறத்தாழ 1,84,000 பவுன் ஊதிய நிலுவை வழங்க ஆணை பிறந்தது. அப்பெண் நீதிமன்றத்தில் தாம் யார் என்று சொல்லி நின்றார். நானோ முருங்கைக்காய்க் கடையில் நின்றேன்.

அன்றிரவு என் தாயாருடன் தொலைபேசியில் பேசினேன். அங்கே ஏழு மணி என்றால் இங்கே பதினொன்றரை. நீலக்கொடி ஊர்வலம், காலனியில் போட்ட கூழ், சங்கத்துப் பிள்ளைகள் மாலையிட்டது எல்லாவற்றையும் சொன்னார். நான் கடையில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘ஏம்மா, நாளைக்கு என்னைய அங்க கூட்டிக்கினு போனியின்னா, என்னைய எந்தத் தெருவுக்காரின்னு சொல்லுவ?’ என்று கேட்டார். பிறகு, மாடு கத்துகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். அம்மையார் எதையும் கேட்கவில்லை, நானே சொன்னேன். ‘அன்றைக்கு உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன். நான் காலனிப் பெண். அப்பா சூளைக்குப் போனவர்.’ இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது என்பதை மறைக்கமாட்டேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். ‘அப்படியா’ என்றார். பிறகு கத்திரிக்காயை நிறுத்தார். முருங்கைக்காய் கூடுதலாக வைக்கவில்லை. மீதிக் காசைக் கையில் கொடுத்தாரா, மேசையில் வைத்தாரா என்று பார்க்க நான் துணியவில்லை. அட்டையில் பணம் செலுத்திவிட்டு வந்தேன். இன்றும் அக்கடைக்குத்தான் போகிறேன். என்னைக் கண்டால் தலையசைப்பார். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அயல்நாடு செல்ல விழையும் தம்பி தங்கையருக்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்லி அமர்கிறேன். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. அதில் 115 பட்டியல் சாதியினருக்கு, 30 விழுக்காடு பெண்களுக்கு. 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். சில ஆண்டுகளில் இடங்கள் நிரம்பாமலே போயிருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது. 2022-இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூக ஆய்வு ஆகிய துறைகளை அத்திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் வரலாற்றை நாமே ஆராய அந்த வழி அடைபட்டது வருந்தத்தக்கது. கல்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் நல அமைச்சகம் தனியே 20 இடங்கள் வைத்திருக்கிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை அது. அங்கிருந்து ஒரு பிள்ளை போனால் நான் விமான நிலையத்திற்கு வந்து அழைத்துச் செல்வேன். தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் நடத்துகிறது. கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடரும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

செவிலியராகச் செல்ல விரும்புவோர் ஒன்றை உறுதியாக அறியவேண்டும். பிரித்தானிய மருத்துவமனை வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு நெறிமுறை. நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கேட்பவனிடம் கொடுத்துவிட வேண்டா. இப்போது அங்கே வெளிநாட்டுச் செவிலியரைச் சேர்ப்பது குறைந்திருக்கிறது. விதிகளும் மாறி வருகின்றன. கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆங்கிலத் தேர்வில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது எழுத்துப் பகுதியில்தான். அதற்கான பயிற்சித் தாள்கள் ஒரு கட்டுக் கொண்டு வந்திருக்கிறேன்.

உணவு வேளையில் பந்தலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் என் தாயாருடன் அமர்ந்திருப்பேன். கேட்க வேண்டியதை அங்கே வந்து கேளுங்கள்.